காற்றுக்கு விட்ட கை

காட்டுப் பாதை தொடங்கும் மரக்கதவுக்கு வெளியே, வண்டிகள் நிறுத்துமிடத்தில் கிடந்த ஒரு கல்லில் உட்கார்ந்து கிரேன்காரி ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தாள். குனிந்து கட்டவில்லை. ஒரு காலைத் தூக்கி மறு தொடையின் மேல் போட்டு, முதுகை நேராக நிறுத்தி, எதிரே இருந்த அறிவிப்புப் பலகையின் மூலையில் கண்ணை ஊன்றிக்கொண்டு, விரல்களை மட்டும் தடவித் தடவி வேலைசெய்ய விட்டாள். குனிந்தால் தரை நகரும். முன்போல ஓடாது; ஆனாலும் நகரும்.

"நான் கட்டி விடட்டுமா அண்ணி?" என்றாள் நாத்தனார்.

"தொட்டுப் பாரு, கையை உடைச்சிருவேன்."

"உடைங்க, உடைங்க. அப்புறம் கடைக்கு வர்றவங்களுக்கெல்லாம் நீங்கதான் முடி வெட்டணும். கொக்கியில மாட்டித் தூக்கி வெட்டுவீங்களோ என்னமோ."

நாத்தனாருக்குச் சொந்தமாக ஒரு சின்ன அழகு நிலையம் இருந்தது. இரண்டு நாற்காலி, ஒரு நீளக் கண்ணாடி, தலையைப் பின்னால் சாய்த்துக் கழுவும் ஒரு பீங்கான் தொட்டி. இடுப்பில் எப்போதும் ஒரு சீப்பு செருகியிருக்கும்; இன்று காட்டுக்கு வரும்போதும் இருந்தது. கிரேன்காரி அவளைச் சீப்பு என்றுதான் கூப்பிடுவாள். கிரேன்காரி என்ற பெயரோ ஊரே சேர்ந்து வைத்தது. கல்யாணமான புதிதில் ஒரு குடும்ப விருந்தில், மாடி பால்கனியில் இரண்டு பேரும் பேச ஒன்றும் இல்லாமல் நின்றபோதுதான் அவர்களுக்குள் ஒட்டிக்கொண்டது. கீழே கூடத்தில் நடமாடிய சொந்தக்காரர்களை உச்சந்தலையை மட்டும் பார்த்து இவள் ஒருவரைச் சொல்ல, அவள் ஒருவரைச் சொல்ல, ஒன்றுகூடத் தப்பவில்லை. ஒருத்தி நாற்காலிக்குப் பின்னால் நின்று தலைகளைப் பார்த்துப் பழகியவள். இன்னொருத்தி வானத்திலிருந்து பார்த்துப் பழகியவள். மாமாவின் வழுக்கை எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு வந்தது. சிரித்த சிரிப்பில் கீழிருந்து எல்லாத் தலைகளும் நிமிர்ந்து பார்த்தன.

நகரத்தில் எழும்பிக்கொண்டிருந்த கட்டடங்களுக்கு மேலே, இரும்புக் கோபுரத்தின் கழுத்தில் ஒட்டியிருக்கும் கண்ணாடிக் கூண்டுதான் கிரேன்காரியின் வேலையிடம். காலையில் ஏணி ஏறிப் போனால் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவாள். கீழே வந்தால் யாருடைய முகமும் அவளுக்குச் சட்டென்று பிடிபடாது, தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு நாலடி நடந்து காட்டினால், "ஓ, கம்பி கட்டுறவரா நீங்க!" என்பாள். கூண்டிலிருந்து பார்த்தால் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம், கடலுக்குள் நீண்ட முனையின் மேல் ஒரு கரும்பச்சை நூல் தெரியும். அது காடு என்று சொன்னார்கள். கோடரி படாத காடு. அங்கே நிற்கும் மரங்களில் சில இந்த நகரத்துக்கு முன்னாலேயே பிறந்தவை. ஒருநாள் போகணும் என்று அவள் தினமும் நினைப்பாள். தினமும் நினைக்கிறவர்கள் போவதில்லை.

பிறகு அந்தக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் மூன்றாம் நாள் விட்டுவிட்டது. போகும்போது இடது காதை எடுத்துக்கொண்டு போனது. கட்டிலில் எழுந்து உட்கார்ந்தவளைச் சுற்றி அறை, யாரோ தட்டைச் சுழற்றி விட்டதுபோலச் சுழன்றது. டாக்டர் அவள் என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டுக்கொண்டு, அதற்கு ஏற்ற மாதிரி விளக்கினார். "ரெண்டு காதுக்குள்ளயும் ஆளுக்கொரு ரசமட்டம், அதான் குமிழி ஓடுற மட்டக்குழாய், இருக்குன்னு வெச்சுக்கங்க. உங்களுக்கு ஒண்ணு உடைஞ்சுபோச்சு. இன்னொண்ணு ரெண்டு பேர் வேலையும் பார்க்கக் கத்துக்கணும். கத்துக்கும். ஆனா அதுக்கு நீங்க பாடம் எடுக்கணும்."

இரண்டு வருஷமாக அவள் பாடம் எடுத்தாள். வீட்டு நடையில் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு பாதத்தின் குதிகாலை மறு பாதத்தின் விரலோடு ஒட்டி வைத்து, தலையை இடமும் வலமும் திருப்பிக்கொண்டே நடந்தாள். சுவரில் அவள் உள்ளங்கை போய் வந்த உயரத்தில் ஒரு அழுக்குக் கோடு விழுந்தது. ரொட்டி அடுமனையில் மாவு பிசையும் கணவன், ஒரு லீவு நாளில் அதன்மேல் வெள்ளையடித்தான். கோடு திரும்ப வந்தது. அவன் மறுபடி அடிக்கவில்லை. அதற்குப் பதில் அவள் முழங்கையைப் பிடித்துக்கொள்ளப் பழகிக்கொண்டான். கடைக்குப் போனால் முழங்கை, மாடி ஏறினால் முழங்கை. நல்ல மனுஷன். அந்த நல்லதனம் ஒரு வளையல் மாதிரி அவள் கையில் மாட்டிக்கொண்டு கழற்ற வரவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாகத் தரை அடங்கியது. ஒன்றுதான் அடங்கவில்லை: அண்ணாந்து பார்ப்பது. தாடையை உயர்த்தித் தலை பின்னால் சாய்ந்த கணத்தில் பழைய தட்டு மறுபடி சுழல ஆரம்பித்துவிடும். அந்த ஒரு பயிற்சியை மட்டும் அவள் செய்யவில்லை. செய்தேன் என்று சொல்லிவிட்டாள். கிரேன் ஓட்டுகிறவள் எதற்கு மேலே பார்க்கணும், மேலேதான் ஒன்றும் இல்லையே என்று தனக்குள் ஒரு நியாயமும் வைத்திருந்தாள். ஆனால் சீப்புக்குத் தெரியும். இரண்டு வருஷமாக அண்ணி தன் கடைத் தொட்டியில் தலை சாய்க்கவில்லை என்பதை அவள் ஒருநாளும் வாய்விட்டுக் கேட்கவில்லை. மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்து, அண்ணியை நேராக உட்கார வைத்து, முடியை ஈரத்துணியால் துடைத்து வெட்டிவிட்டுப் போனாள்.

போன வாரம் சூப்பர்வைசர் போன் செய்தார். "டாக்டர் சரின்னு கையெழுத்துப் போட்டுட்டார்மா. இனிமே உன் மனசுதான். திங்கக்கிழமை காலையில சொல்லிரு, மேலயா ஸ்டோரா? ஸ்டோரும் ஒண்ணும் குறைச்சல் இல்ல. ஃபேன் இருக்கு."

"ஸ்டோர்னா எனக்கும் நிம்மதிதான்" என்றான் கணவன். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்து, அடுப்பில் ஒன்றும் இல்லாதபோதே அடுப்பை அணைக்கப் போனான்.

அவளுக்கே தெரியவில்லை. டாக்டரின் பேனாவுக்குத் தெரிந்தது அவள் காலுக்குத் தெரியவில்லை. அதனால் தனக்குத்தானே ஒரு பரீட்சை வைத்துக்கொண்டாள். அந்தக் கரும்பச்சை நூல். காட்டுக்குள் புகுந்து முனைவரை நடந்து திரும்பிவிட்டால், கூண்டு. யாராவது வந்து முழங்கையைப் பிடிக்கும்படி ஆனால், ஸ்டோர். இதைச் சீப்பிடம் மட்டும் சொன்னாள். நானும் வர்றேன் என்று கிளம்பிய கணவனிடம், "நீங்க வந்தா கையைப் பிடிப்பீங்க" என்றாள். அவன் தன் இரண்டு கைகளையும் ஒருமுறை பார்த்துவிட்டு, அவர்களுக்கு ரொட்டியும் வேகவைத்த முட்டையும் கட்டிக் கொடுத்தான். கூடவே, மழை வரும் என்று சொல்லி, ஊன்றுகோல் நீளத்துக்கு ஒரு குடையும். குடை இப்போது காருக்குள் கிடந்தது.

"போலாமா?" என்று எழுந்தாள் கிரேன்காரி.

சீப்பு பழக்கப்படி அவளுக்கு வலப் பக்கம் வந்து சேர்ந்துகொண்டாள். இடப் பக்கம் நின்று பேசினால் சுவரோடு பேசுவது மாதிரி.

கதவைத் தாண்டிய சிறிது தூரத்திலேயே வெளி உலகம் துணியால் மூடியதுபோல அடங்கிவிட்டது. பாதை முதலில் பலகைப் பாலமாக இருந்தது. இரண்டு பக்கமும் கைப்பிடிக் கட்டை. அவள் கை தானாகக் கட்டையைத் தேடிப் போனது. கட்டை முழுக்கப் பாசி, விரல் வைத்தால் ஒரு விலங்கின் முதுகைத் தடவுவது போல. பலகை முடிந்த இடத்தில் கட்டையும் முடிந்தது. அங்கே கொஞ்சம் நின்றாள். பிறகு கையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு மண்ணில் இறங்கினாள்.

மரங்களை அவள் பார்க்கவில்லை. மரங்களின் பாதங்களைத்தான் பார்த்தாள். ஒவ்வொரு பாதமும் ஒரு அறை அளவு. வேர்கள் பாதையின் குறுக்கே கிடந்தன, தூங்குகிறவர்கள் காலை நீட்டிக்கொண்டு கிடப்பது மாதிரி. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தாண்டவேண்டியிருந்தது. எங்கோ விழுந்து எத்தனையோ காலமான ஒரு மரத்தின் உடல்மேல் ஏழெட்டு இளமரங்கள் வரிசை பிடித்து முளைத்து நின்றன, ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பிள்ளைகள்போல. இந்த மரங்கள் அவள் கூண்டைவிட உயரமா என்று ஒரு கேள்வி வந்தது. அதற்குப் பதில் வேண்டுமென்றால் தாடையை உயர்த்தவேண்டும். கேள்வியை வைத்துக்கொண்டு நடந்தாள். இத்தனை காலம் உயரத்தில் உட்கார்ந்து பள்ளத்தைப் பார்த்திருக்கிறேன், இப்போதுதான் உயரத்தின் அடியில் நிற்கிறேன், கம்பியின் நுனியில் தொங்குகிற சுமைக்கு இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

எதிரே ஒரு வயதான தம்பதி வந்தார்கள். "முனைக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்றார் அவர், கேட்காமலேயே.

அவர்கள் மறைந்ததும் சீப்பு, "திரும்பி வர்றவங்க எல்லாருக்கும் கொஞ்ச தூரம்தான்" என்று முணுமுணுத்தாள். "பிரசவம் முடிஞ்சவ சொல்ற மாதிரி."

கடைசியில் ஒரு பிரம்மாண்டமான மரம் பாதையின் மேலேயே விழுந்து கிடந்தது. சமீபத்தில் விழுந்தது, பிய்த்த வேர்களில் மண் இன்னும் சிவப்பாக இருந்தது. விழும்போது சுற்றியிருந்த இரண்டு மூன்றையும் இழுத்துப் போட்டிருந்ததால் அங்கே கூரையில் ஓட்டை விழுந்ததுபோல ஒரு வெளிச்சம். வனக்காவலர்கள் பாதையைத் திருப்பிவிட்டு, கிளைகளில் ஆரஞ்சு ரிப்பன் கட்டிப் போயிருந்தார்கள். ரிப்பனைப் பின்தொடர்ந்து இருவரும் பெரணிச் செடிகளுக்குள் நுழைந்தார்கள். ஐந்தாறு ரிப்பன் வரை எல்லாம் நன்றாகவே போனது. அப்புறம் கடலிலிருந்து பனிமூட்டம் வந்தது.

வந்தது என்றால், ஓடி வரவில்லை. பூனை மாதிரி வந்தது. முதலில் தூரத்து மரங்கள் வெளுத்தன, பிறகு பக்கத்து மரங்கள், பிறகு சீப்பின் மூக்குக் கண்ணாடி. அடுத்த ரிப்பன் எங்கே என்று தேடும்போது, முந்தின ரிப்பன் எங்கே என்பதும் தெரியவில்லை.

"நில்லு" என்றாள் கிரேன்காரி. "கடல் கேக்குது பார். முனைன்னா கடல்தானே. இந்தப் பக்கம்."

"எனக்கு எல்லாப் பக்கமும்தான் கேக்குது அண்ணி."

"உனக்கு டிரையர் சத்தத்துல காது மந்தம். வா."

அவள் முன்னால் போனாள். காலில் ஒரு உறுதி வந்திருந்தது. வேலையிடத்தில் பனி மூடிய காலைகளில் எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, ரேடியோவில் வரும் ஒரு குரலை மட்டும் நம்பி இரண்டு டன் இரும்பைச் சரியான இடத்தில் இறக்கியவள். கடல் தெளிவாக வலப் பக்கம் இரைந்தது. வலப் பக்கம் திரும்பி நடந்தாள். கொஞ்ச நேரத்தில் அது இன்னும் வலப் பக்கம் இருந்தது. பாதையில்லாத காட்டில் நேராகப் போக முடியாது, மரத்தைச் சுற்றும்போது விலகியிருப்போம் என்று இன்னும் வலப் பக்கம் திரும்பினாள். ஈரப் பெரணிகள் முழங்கால்வரை நனைத்தன. கடல் விடாமல் வலப் பக்கத்திலிருந்தே கூப்பிட்டது. அவளும் விடாமல் போனாள். கடைசியில் பனிக்குள்ளிருந்து ஒரு பெரிய உருவம் எழுந்தது: பிய்த்த வேர்கள், சிவப்பு மண், கூரை ஓட்டை. புறப்பட்ட அதே விழுந்த மரம். ஆனால் அதன் எந்தப் பக்கத்தில் வந்து நிற்கிறார்கள், பாதை அதற்கு முன்னாலா பின்னாலா, ஒன்றும் புரியவில்லை.

கிரேன்காரி தன் இடது காதைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு காதில்தான் கேட்கிறது என்றால், உலகத்தில் உள்ள எல்லாச் சத்தமும் அந்தக் காதின் பக்கம்தான் இருக்கும். வலப் பக்கம் திரும்பத் திரும்ப, கடலும் கூடவே திரும்பியிருக்கிறது. செக்கு மாடு மாதிரி சுற்றி வந்திருக்கிறார்கள். இரண்டு வருஷமாகக் கூடவே வாழ்ந்த காது; வீட்டுக்குள் யார் கூப்பிட்டாலும் வலப் பக்கம் திரும்பி ஏமாந்தது எத்தனை தடவை. ஆனாலும் கடல் விஷயத்தில் அது பொய் சொல்லாது என்று நம்பியிருக்கிறாள். கடல் அவ்வளவு பெரியது.

"என் காது" என்றாள்.

"தெரியும்" என்றாள் சீப்பு. "பாதியிலேயே தோணுச்சு. நீங்க அவ்வளவு ஜோரா நடந்துட்டிருந்தீங்க, நிறுத்த மனசு வரல." பிறகு மூக்குக் கண்ணாடியைச் சட்டையில் துடைத்துக்கொண்டே, "கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரின்னு சொல்லுவாங்களே, அதைச் சொல்றதுக்கு இதைவிடச் சரியான இடம் எனக்கு இனிமே கிடைக்காது" என்றாள்.

கிரேன்காரி சிரித்தாள். சிரித்து முடித்ததும் போனை எடுத்துப் பார்த்தாள். சிக்னல் இல்லை. இங்கேயே உட்கார்ந்துவிடலாம், பயப்பட ஒன்றும் இல்லை. ரொட்டி இருக்கிறது. சாயங்காலம் கதவைப் பூட்ட வரும் காவலர்கள் காரைப் பார்ப்பார்கள், விசில் ஊதிக்கொண்டு தேடி வருவார்கள், ஒரு கம்பளி போர்த்துவார்கள். பிறகு ஒருவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "பார்த்து, பார்த்து" என்று கூட்டிப்போவார். கதவருகே கணவன் நிற்பான். திட்டமாட்டான். அடுத்த கையை அவன் பிடித்துக்கொள்வான். திங்கட்கிழமை, ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து அவள் ஆணி எடுத்துக் கொடுப்பாள்.

முகத்தில் ஈரமாக ஏதோ பட்டது. காற்று. கீழே பனி அசையாமல் படுத்திருந்தது. ஆனால் மேலே, ஓட்டையின் வழியாக, கொஞ்சமாய் இறங்கி வந்தது. கடற்காற்று. இந்தக் காற்று நேற்றும் அடித்திருக்கும். இந்த மரங்கள் பிறந்ததிலிருந்து ஒரே பக்கமிருந்து அடித்திருக்கும்.

"சீப்பு, மேல பாரேன். மரத்தோட உச்சி எல்லாம் எப்படி இருக்கு?"

சீப்பு அண்ணாந்து பார்த்தாள். "உயரமா இருக்கு."

"அது தெரியும்டி. எந்தப் பக்கம் சாஞ்சிருக்கு?"

"சாயல. நேராத்தான் போவுது. உச்சியில கிளைங்க... கண்ணாடியெல்லாம் தண்ணி அண்ணி, கழட்டினா அதுவும் தெரியாது. ஏன், என்ன தேடறீங்க?"

என்ன தேடுகிறாள் என்று சொல்லலாம். சொன்னால் சீப்பு அவசரத்தில் ஏதோ ஒரு பக்கத்தைக் காட்டுவாள். ஒருமுறை சுற்றியது போதும். பார்க்கத் தெரிந்த கண் அவளிடம்தான் இருந்தது. அந்தக் கண்ணைத் தூக்கி மேலே வைப்பதுதான் பாக்கி.

"மரத்துல சாஞ்சுக்கிட்டுப் பாருங்களேன்" என்றாள் சீப்பு, புரிந்துகொண்டு.

"சாஞ்சா அந்த ஒரு மரத்தோட அடிவயிறுதான் தெரியும். நடுவுல நிக்கணும்."

ஓட்டைக்கு நேர் கீழே, பிடித்துக்கொள்ள ஒரு செடிகூட இல்லாத இடத்துக்கு அவள் நடந்து போனாள். கால்களைத் தோளகலம் வைத்தாள். சீப்பு பின்னாலேயே வந்து, பழக்கதோஷத்தில், ஒரு உள்ளங்கையை அவள் பிடரிக்கு ஏந்திக்கொண்டு நின்றாள். தொட்டியில் தலை சாய்க்கிறவர்களுக்கு ஏந்துகிற அதே கை.

"கை வேணாம்."

"அண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"விழுந்தேன்னா பிடி. விழற வரைக்கும் தொடாதே."

கை விலகியது. பிடரியில் அது இருந்த சூடு மட்டும் கொஞ்ச நேரம் இருந்தது. கிரேன்காரி தாடையை உயர்த்தினாள்.

தட்டு சுழன்றது. பாசி பிடித்த அடிமரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. வெளிச்ச ஓட்டை ஒரு பக்கமாக வழுக்கிக்கொண்டு போய், திரும்ப வந்து, மறுபடி வழுக்கியது. வாயில் எச்சில் ஊறியது. தொடைகள் இரண்டும் இரும்பாக இறுகின, கால்விரல்கள் ஷூவுக்குள் மண்ணைத் தேடிக் கவ்வின, கைகள் இல்லாத சுவரைத் தேடி விரிந்தன. விழுந்துவிடுவேன் என்று தோன்றிய அந்த இடத்தில், என்னவோ, முதல் வருஷத்துக் காற்று நாள் ஒன்று ஞாபகம் வந்தது. கூண்டு ஆடியது. அவள் கைப்பிடியை நெரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கீழிருந்து ரேடியோவில் வந்தது சூப்பர்வைசரின் கொட்டாவிக் குரல்: "என்னம்மா, ஆடுதா? ஆடட்டும். ஆடுறதுக்குத்தான் கட்டியிருக்கு. ஆடாததுதான் உடையும். கையைக் காத்துக்கு விட்டுட்டு இறங்கு, டீ ஆறுது."

காற்றுக்கு விடுவது. வேலை முடிந்து இறங்குமுன் கடைசியாகச் செய்வது அதுதான். கிரேனின் நீளக் கையைப் பூட்டி வைக்கக் கூடாது, பிரேக்கை விடுவித்துவிடவேண்டும். காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ, கை அந்தப் பக்கமாகத் தானே திரும்பி நின்றுகொள்ளும். பூட்டி வைத்தால் ஒரு புயலில் கோபுரமே சரிந்துவிடும். எத்தனை வருஷம் தினமும் அந்தப் பிரேக்கை விடுவித்திருக்கிறாள். இந்த இரண்டு வருஷமாகத்தான் எல்லாவற்றையும் பூட்டியே வைத்திருக்கிறாள்.

தொடைகளை விட்டாள். விரல்களை விட்டாள். உடம்பு ஆடியது. முன்னுக்கு ஆடியது, பின்னுக்கு ஆடியது. ஒருமுறை பின்னால் சீப்பு மூச்சை உள்ளிழுத்த சத்தம் கேட்டது. ஆடட்டும் என்று நின்றாள். ஆட்டத்துக்குள் ஆழத்தில் எங்கோ ஒரே ஒரு ரசமட்டம், தனியாளாக, குமிழியை மெதுவாக நடுவுக்கு நகர்த்திக்கொண்டு வந்தது. மேலே ஓட்டை வழுக்கியது, திரும்ப வந்தது, அதைவிடக் கொஞ்சமாக வழுக்கியது, வந்தது. நின்றது.

அம்மாடி, என்ன உயரம். அடிமரங்கள் கீழே இருட்டில் தொடங்கி, பனிக்குள் மறைந்து, பனியைத் துளைத்துக்கொண்டு மறுபடி வெளிப்பட்டு, அவள் கூண்டு இருந்த உயரத்தைச் சட்டை செய்யாமல் தாண்டி, அதற்கு மேல் ஏதோ வேலை இருப்பதுபோலப் போய்க்கொண்டே இருந்தன. மேலே ஒன்றும் இல்லை என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தது இந்த மேலேயைத்தானா? எல்லாவற்றுக்கும் உச்சியில், வெளுத்த வானத்தில் மை தீட்டியதுபோல, கிளைகள். இந்த மரத்திலும், அந்த மரத்திலும், அதற்கு அப்பால் உள்ளதிலும், கிளைகள் ஒரு பக்கம் மொட்டையாகவும் மறுபக்கம் நீண்டும் இருந்தன. நீண்ட பக்கம் எல்லாவற்றிலும் ஒரே பக்கம். வேலை முடிந்த சாயங்காலம் காற்றுக்கு விட்டுப்போன கைகள். ஒரு வானம் நிறையக் கைகள், எல்லாம் கடற்காற்று தள்ளிய பக்கம், கரையைக் காட்டிக்கொண்டு.

"அங்க" என்று கையை நேரெதிர்ப் பக்கம் நீட்டினாள். தலையை இறக்கவில்லை. "கடல் அங்க இருக்கு."

"சரி, போதும் அண்ணி, கழுத்து சுளுக்கிக்கும்."

"இரு."

"வழிதான் தெரிஞ்சுடுச்சே?"

"வழிக்காகப் பார்க்கல. சும்மா பார்க்கிறேன். இரு."

சீப்பு இருந்தாள். ரொம்ப நேரம் இருந்தாள். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள்; இந்தத் தடவை துடைத்தது கண்ணாடியை அல்ல.

நீட்டிய கையின் திசையில் நடந்தார்கள். கடல் இப்போதும் வலப் பக்கம் இரைந்தது. கிரேன்காரி அதற்கு, "நீ கத்திக்கிட்டே இரு" என்று சொல்லிவிட்டு நேராகப் போனாள். இடையிடையே நின்று, தாடையை உயர்த்தி, ஒரு ஆட்டம் ஆடி, உச்சிகளைக் கேட்டுக்கொண்டாள். ஒவ்வொரு தடவையும் தட்டு கொஞ்சம் சோம்பலாகச் சுழன்றது. கொஞ்ச நேரத்தில் ஒரு கிளையில் ஆரஞ்சு ரிப்பன் தொங்கியது. சீப்பு அதைப் பிடித்து முத்தம் கொடுத்தாள். பாதை வந்தது. மரங்கள் குட்டையாகின; குட்டையாக ஆக ஆக அதிகமாக வளைந்தன; கடைசியில் நின்றவை இடுப்பளவுதான், கரையைப் பார்த்துப் படிய வாரிவிட்டதுபோல.

"ஒரு சுழிகூட எழும்பல பாருங்க" என்று சீப்பு ஒரு மரத்தின் தலையைத் தடவிக் கொடுத்தாள். "யாரோ ஓசியில செட்டிங் பண்ணி விட்டிருக்காங்க. எந்தக் கடைன்னு கேக்கணும்."

பிறகு மரமே இல்லை. புல், பாறை, முனை. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை, கடல்தான். அது வலப் பக்கம் இல்லை. எதிரே, இடமும் வலமுமாக, கண்ணுக்கு எட்டிய வரை இருந்தது. காற்று சட்டையை நெஞ்சோடு ஒட்டி, முதுகில் படபடக்கவைத்தது. கிரேன்காரி கைகள் இரண்டையும் விரித்து, பாறை முடியும் விளிம்புக்குச் சற்று முன்னால் போய் நின்று, வாயைத் திறந்து கத்தினாள். வார்த்தை ஒன்றும் இல்லை. சீப்பும் பக்கத்தில் வந்து கத்தினாள். பக்கம் மாறி இடப் பக்கம் நின்றுவிட்டாள், அதனால் கிரேன்காரிக்கு அவள் வாய் திறந்திருப்பது மட்டும்தான் தெரிந்தது. கடல் பறவைகள் சில எழுந்து, இதுகளுக்கு என்ன வந்தது என்று பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தன.

ரொட்டி ஈரத்தில் நமத்திருந்தது. முட்டைகள் சரியாக இருந்தன. தனியாக ஒரு பொட்டலத்தில் உப்பு மடித்திருந்தான் கணவன். பாறையில் சாய்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

"செவ்வாய்க்கிழமை கடைக்கு வாங்க" என்றாள் சீப்பு, வாய் நிறைய ரொட்டியோடு. "தொட்டியில சாய்ச்சு ஒரு கழுவு கழுவி விடறேன். ரெண்டு வருஷ அழுக்கு."

"செவ்வாய்க்கிழமை எனக்கு வேலை இருக்குமோ என்னமோ."

சீப்பு மெல்லுவதை நிறுத்தி அவளைப் பார்த்தாள். எந்த வேலை என்று கேட்கவில்லை. "திரும்பிப் போகணும், ஞாபகம் இருக்கா? முழுக் காடும் அப்படியேதான் இருக்கு" என்றாள்.

"கொஞ்ச தூரம்தான்."

தண்ணீரின் மேல் கிடந்த பனி நடுவில் கிழிந்தது. கிழிசல் அகலமாகி அந்தக் கரைவரை போனது. நகரம் தெரிந்தது, நகம் அளவுக்கு. சாம்பல் நிறக் கட்டடங்கள், அவற்றுக்கு மேலே தீக்குச்சியால் செய்ததுபோல கிரேன்கள். ஞாயிற்றுக்கிழமை. எல்லாவற்றையும் காற்றுக்கு விட்டுவிட்டு இறங்கிப் போயிருந்தார்கள். அத்தனை கைகளும் இந்த முனையின் மரங்களைப் போலவே கரையைக் காட்டிக்கொண்டு நின்றன. அவள் தன்னுடைய மஞ்சள் கிரேனைத் தேடினாள். இங்கிருந்து மஞ்சள் தெரியாது. ஆனால் கோபுரத்தின் கழுத்தில் அந்தக் கண்ணாடி, எங்கிருந்தோ வந்த ஒரு வெயில் துண்டை வாங்கி, ஒரு கணம் மினுக்கியது.

கன்னத்தில் காற்று இடம் மாறியது. அவள் அசையாமல் கவனித்தாள். பின்னால் மரங்கள் மாறவில்லை. அவை எப்போதோ முடிவு செய்துவிட்டவை. தண்ணீருக்கு அந்தப் பக்கம், முதலில் ஒன்று, பிறகு அதன் பக்கத்தில் உள்ளது, பிறகு எல்லாம், யாரும் இல்லாத கூண்டுகளோடு, நீளமான கைகளை மெதுவாக, மிக மெதுவாக, கடலின் பக்கம் திருப்பத் தொடங்கின.